அல்யோனா சாவ்சென்கோ: மூன்று துணைகள், ஐந்து ஒலிம்பிக், ஒரு தங்கம்

ஆணும் பெண்ணும் இணைந்து பனித்தளத்தில் ஆடும் ஜோடி ஸ்கேட்டிங்கின் வீராங்கனை அல்யோனா சாவ்சென்கோவின் பதக்கப் பட்டியல் நீளமானது. உலகச் சாம்பியன்ஷிப்பில் 6 தங்கம், 3 வெள்ளி, 2 வெண்கலம். ஐரோப்பியப் பட்டம் நான்கு முறை. ஒலிம்பிக்கில் 2010இலும் 2014இலும் வெண்கலம். கடைசியாக, 2018 பிப்ரவரி 15 அன்று தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் தங்கம். அன்று அவருக்கு வயது 34. அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். வெள்ளி வென்ற சீன ஜோடிக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.43 புள்ளி.

இந்த வெற்றியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விடாமுயற்சி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். விடாமுயற்சி உண்மைதான். ஆனால் ஜோடி ஸ்கேட்டிங்கில் அது மட்டும் புள்ளி தராது. சாவ்சென்கோ ஒலிம்பிக் களத்தில் இறங்கியது மூன்று வெவ்வேறு துணைகளோடு, இரண்டு நாடுகளுக்காக. ஒவ்வொரு முறை துணை மாறியபோதும், தூக்குவது, எறிவது, பிடிப்பது எல்லாவற்றையும் புதிய உடலுக்கு ஏற்பத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் கட்டியதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அவர் 2014க்குப் பிறகு எடுத்த முடிவில்தான் தங்கத்தின் வேர் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. அதைப் புரிந்துகொள்ள, பனித்தளத்தில் இருவரும் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

எறிவதும் பிடிப்பதும்

போட்டி இரண்டு பகுதி. முதலில் ஷார்ட் ப்ரோக்ராம்: ஏறத்தாழ இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் கட்டாயமான 7 அம்சங்கள். அடுத்து ஃப்ரீ ஸ்கேட். 2018 வரை அதன் நீளம் நாலரை நிமிடம், அதில் 12 அம்சங்கள்: மூன்று லிஃப்ட், ஒரு ட்விஸ்ட், இரண்டு த்ரோ, தனித்தாவல் ஒன்று, தாவல் தொடர் ஒன்று, இரண்டு ஸ்பின் (நின்ற இடத்திலேயே சுழல்வது), ஒரு டெத் ஸ்பைரல் (ஆணின் கையைப் பிடித்தபடி பெண் பனியோடு பனியாகச் சாய்ந்து அவரைச் சுற்றி வருவது), நடன வரிசை ஒன்று. இரண்டு பகுதியின் புள்ளிகளையும் கூட்டினால் இறுதிக் கணக்கு.

இவற்றில் பார்வையாளர்கள் அதிகம் கைதட்டுவது லிஃப்டுக்கு. ஆண் கைகளை முழுதும் நீட்டித் தலைக்கு மேலே பெண்ணை ஏந்தியபடி குறைந்தது ஒரு சுற்று, அதிகபட்சம் மூன்றரைச் சுற்று சுழன்று செல்ல வேண்டும். எங்கே பிடிக்கிறார் என்பதை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள்: அக்குள், இடுப்பு, கையால் இடுப்பெலும்பை ஏந்துவது, கையோடு கை சேர்த்து மேலே தள்ளுவது, கையோடு கை சேர்த்து லாஸோ பாணியில் சுழற்றி ஏற்றுவது. ஒற்றைக் கையில் தாங்குவது, மேலே நிலையை மாற்றுவது, சுழலும் திசையை மாற்றுவது, கடினமான முறையில் ஏற்றி இறக்குவது ஆகியவற்றால் அம்சத்தின் நிலை 4 வரை உயரும். நன்றாகப் பயிற்சி பெற்ற ஜோடிகளுக்கு லிஃப்டில் பெரிய விபத்து அரிது. புள்ளி போவது வேகம் குறைவதால்தான். ஆணின் பிளேடு விளிம்பை விட்டுத் தட்டையானால் சுற்றுக்குச் சுற்று வேகம் வடியும், நடுவர்கள் தர மதிப்பை, அதாவது அம்சத்தின் அடிப்படை மதிப்போடு செய்த விதத்துக்காகக் கூட்டியோ கழித்தோ தரும் புள்ளியை, குறைப்பார்கள்.

ட்விஸ்ட் வேறு ரகம். அதில் பெண் முழுக்கக் காற்றில் இருக்கிறார். இருவரும் பின்னோக்கிச் செல்லும்போது பெண் பிளேடின் வெளிவிளிம்பில் சாய்ந்து, மற்றக் கால் பிளேடின் முன்பக்கப் பல் முனையைப் பனியில் குத்தி எழுகிறார். அதே நொடியில் ஆண் அவருடைய இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் எறிந்து விடுகிறார். பெண் மேலே மூன்று சுற்று சுற்றி முடிக்கும்போது, கீழே ஆண் அரைச்சுற்று திரும்பிக் கைகளை மறுபடி உயர்த்தியிருக்க வேண்டும். அவரை இடுப்பில் காற்றிலேயே பிடித்து, ஒற்றைக் காலில் பின்வெளி விளிம்பில் இறக்க வேண்டும். பெண்ணின் கையோ மார்போ ஆணின் தோளில் இடித்தால் அது சுத்தமான பிடி ஆகாது. இடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: உயரம் போதவில்லை. உயரம் குறைந்தால் சுற்று முடியும் முன்பே பெண் கீழே வந்துவிடுகிறார், இடுப்புக்குப் பதில் விலாவில் பிடிக்க நேரிடுகிறது. உயரம் இருந்தால் சுற்றும் முன் கால்களை அகல விரிக்கலாம், பெண் கைகளைத் தலைக்கு மேலே நீட்டலாம், எறிந்தபின் ஆண் கைகளைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு இறக்கி மீண்டும் தூக்கலாம். இவை ஒவ்வொன்றும் நிலையை உயர்த்தும் அடையாளம். ஆகவே ட்விஸ்டின் முழுக்கதையும் அந்த ஒரு நொடி எறிதலில் அடங்கிவிடுகிறது. பெண் குத்தி எழும் கணமும் ஆண் முழங்காலை நிமிர்த்தும் கணமும் ஒன்றாகச் சேர வேண்டும். ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் இருவருடைய விசையும் கூடாது, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

த்ரோவில் ஆணின் உதவி எறிதலோடு முடிகிறது. பெண் சால்கோ, லூப், ஃப்ளிப், ஆக்ஸல் போன்ற ஏதாவதொரு தாவலாக எழுகிறார். ஆணின் தள்ளுதலால் தனியாளால் போக முடியாத உயரத்துக்கும் தூரத்துக்கும் போகிறார். ஒற்றைக் காலில் தனியாக இறங்குகிறார். இங்கே தவறு இரண்டு விதமாக வரும். ஆண் கையைத் தாமதமாக விட்டால் பெண்ணின் அச்சு வெளிப்பக்கம் சாயும், இறங்கும்போது இடுப்பு பிளேடுக்கு மேலே வராமல் வழுக்கும். ஆண் சரியாக எறிந்தும் பெண் கைகளை இழுத்துச் சுற்றத் தொடங்குவது பிந்தினால், சுற்று முடியாமலே பனி வந்துவிடும். இரண்டிலும் சுமை முழுதும் இறங்கும் காலின் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டில். ஜோடி ஸ்கேட்டிங் பெண்களின் காயக் குறிப்புகளில் கணுக்கால் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இது.

ஆக்ஸல் மட்டும் முன்னோக்கி எழும் தாவல். அதனால் ட்ரிபிள் ஆக்ஸல் த்ரோ என்றால் மூன்றரைச் சுற்று. போட்டியில் அதை முதலில் சாதித்தவர்கள் அமெரிக்காவின் ரெனா இனோயே, ஜான் பால்ட்வின் ஜோடி. 2006இல் டுரின் ஒலிம்பிக்கிலும் செய்து காட்டினார்கள். சாவ்சென்கோவின் வாழ்க்கையில் இந்தத் த்ரோ பலமுறை குறுக்கிடும்.

மிச்சமிருப்பது தனித்தாவல். இருவரும் அருகருகே ஒரே நேரத்தில் ஒரே தாவலைச் செய்ய வேண்டும். இதில் ஒரு கடுமையான விதி இருக்கிறது: இருவரும் வெவ்வேறு எண்ணிக்கையில் சுற்றினால் குறைவான சுற்றுதான் கணக்கு. பெண் மூன்று சுற்றி ஆண் இரண்டு சுற்றினால், ஏட்டில் இருவருமே இரண்டு. 2018இல் ட்ரிபிள் சால்கோவின் அடிப்படை மதிப்பு 4.4, டபுள் சால்கோவுக்கு 1.3. அந்த 3.1 புள்ளி வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓபுகிவிலிருந்து கெம்னிட்ஸுக்கு

சாவ்சென்கோ பிறந்தது 1984 ஜனவரி 19, உக்ரைனில் கீவ் நகருக்கு அருகே ஓபுகிவ் என்ற ஊரில். பதின்வயதில் ஸ்டானிஸ்லாவ் மோரோசோவுடன் ஜோடி சேர்ந்து, 2000இல் ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடந்த ஜூனியர் உலகப் பட்டத்தை வென்றார். 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக இறங்கி 15ஆவது இடம். அதன் பிறகு அந்த ஜோடி பிரிந்தது.

துணை இல்லாத பெண் ஜோடி ஸ்கேட்டருக்கு நாட்டுக்குள்ளேயே தேடிக் கிடைப்பது கடினம். தேவையான உயரமும் தோள்பலமும் தாவல் திறனும் ஒருங்கே உள்ள ஆண்கள் உலகம் முழுவதும் எண்ணினாலும் குறைவு. அதிலும் சுற்றும் திசை, ஸ்கேட்டிங் பாணி, வயது, பயிற்சியாளர் எல்லாம் பொருந்த வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டில் நாடு மாறுவது இவ்வளவு சாதாரணம். சாவ்சென்கோ 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸுக்குப் போனார். அங்கே இங்கோ ஸ்டாயர் பயிற்சியாளர். 1997இல் மாண்டி வோட்ஸலுடன் உலகச் சாம்பியன், 1998 நாகானோவில் ஒலிம்பிக் வெண்கலம். புதிய துணை ராபின் ஷோல்கோவி. 1979இல் கிழக்கு ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர், தந்தை தான்சானியர்.

அடுத்த தடை குடியுரிமை. உலக, ஐரோப்பியப் போட்டிகளில் இருவரும் அதே நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒலிம்பிக்கில் கட்டாயம். சாவ்சென்கோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது 2005 டிசம்பர் கடைசி நாள்களில், டுரின் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு. அந்த நேரத்தில் ஸ்டாயர் முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை ஸ்டாஸிக்குத் தகவல் தந்தவர் என்ற விவகாரமும் வெடித்தது. ஜெர்மன் ஒலிம்பிக் குழு அவரை அணியிலிருந்து நீக்க, அவர் நீதிமன்றம் போய் டுரினுக்குச் செல்லும் உரிமையைப் பெற்றார். அரசுப் பணத்தில் அவருக்குச் சம்பளம் தரக்கூடாது என்ற சிக்கல் பிறகும் நீண்டது. இப்படிப்பட்ட சூழலில் இளம் ஜோடி டுரினில் ஆறாவது இடம் பிடித்தது. அந்த ஆறாம் இடம் உண்மையில் பெரிய விஷயம் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தவை வெற்றி ஆண்டுகள். 2007, 2008, 2009, 2011இல் ஐரோப்பியப் பட்டம். உலகப் பட்டம் 2008 கோத்தன்பர்க், 2009 லாஸ் ஏஞ்சலிஸ், 2011 மாஸ்கோ, 2012 நீஸ், 2014 சைத்தாமா. 2012இல் ரஷ்யாவின் தத்யானா வொலொசோஷர், மக்ஸிம் ட்ரான்கோவ் ஜோடியை அவர்கள் வென்றது 201.49க்கு 201.38 என்ற கணக்கில்.

ஸ்டாயரின் முறையில் தனித்துவம் எது என்றால், அம்சங்களுக்கு இடையிலுள்ள இடத்தை வெறும் ஓட்டமாக விடாதது. பெரும்பாலான ஜோடிகள் ஒரு த்ரோவுக்கு முன் நீண்ட தூரம் குறுக்குக்கால் வைத்து வேகம் சேர்ப்பார்கள். கெம்னிட்ஸ் ஜோடி பிடி மாற்றம், திருப்பம், அசைவு என்று போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று த்ரோ வந்துவிடும். 2004க்குப் பிறகு வந்த புதிய புள்ளிமுறை இதற்குத் தனியாக மதிப்பளித்தது. கடினமான நுழைவு தர மதிப்பைக் கூட்டும்; இணைப்பு அசைவுகளுக்கு நிகழ்ச்சிக் கூறுகளில், அதாவது நிகழ்ச்சியின் ஒட்டுமொத்தத் தரத்துக்கான மதிப்பெண்களில், 2022 வரை தனி மதிப்பெண் இருந்தது. அந்த முறையை ஆழமாகப் படித்த பயிற்சியாளர்களில் ஸ்டாயரை முன்வரிசையில் வைக்கலாம். இதற்கு விலையும் உண்டு: வேகம் சேர்க்க இடமில்லாதபோது தாவலில் பிழைக்கு வாய்ப்பு கூடும். ஷோல்கோவியின் தனித்தாவல்தான் இந்த ஜோடியின் பலவீனமான புள்ளி.

சோச்சி: 2.90 புள்ளி எங்கே போனது

2010 வான்கூவரில் சீனாவின் ஷென் சூ, ஜாவ் ஹோங்போ தங்கமும், பாங் சிங், டோங் ஜியான் வெள்ளியும் எடுக்க, சாவ்சென்கோ ஜோடிக்கு வெண்கலம். உலகச் சாம்பியன்களாக வந்தவர்களுக்கு அது ஏமாற்றம். எனவே 2014 சோச்சிதான் இலக்கு.

சோச்சியின் எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஷார்ட் ப்ரோக்ராமுக்குப் பிறகு வொலொசோஷரும் ட்ரான்கோவும் 84.17, சாவ்சென்கோவும் ஷோல்கோவியும் 79.64, ரஷ்யாவின் இன்னொரு ஜோடி க்ஸெனியா ஸ்டோல்போவாவும் ஃபியோதர் க்லிமோவும் 75.21. தங்கம் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தது, ஆனால் வெள்ளிக்கு நாலரைப் புள்ளி காப்பு இருந்தது. ஃப்ரீ ஸ்கேட்டில் ட்ரிபிள் டோ லூப் தாவலில் ஷோல்கோவி விழுந்தார். நிகழ்ச்சியின் கடைசியில் ட்ரிபிள் ஆக்ஸல் த்ரோ வைத்திருந்தார்கள். நாலு நிமிடத்துக்கு மேல் ஓடிக் களைத்த கால்களோடு அதை எறிந்தார்கள். சாவ்சென்கோ விழுந்தார்.

இறுதிக் கணக்கு: ஸ்டோல்போவா, க்லிமோவ் 218.68. சாவ்சென்கோ, ஷோல்கோவி 215.78. வித்தியாசம் 2.90. ஒரு வீழ்ச்சிக்கு நேரடிக் கழிவு 1 புள்ளி. அப்போதைய முறையில் தர மதிப்பு −3இலிருந்து +3 வரை. ட்ரிபிள் டோ லூப்பில் முழு −3 விழுந்தால் 2.1 புள்ளி போகும். இரண்டையும் கூட்டினால் 3.1. அந்த ஒரு வீழ்ச்சி இல்லாவிட்டாலே வெள்ளி வந்திருக்கும். கடைசி த்ரோவின் வீழ்ச்சியும் அதே அளவுக்கு, ஒருவேளை அதிகமாகவே எடுத்துக்கொண்டது.

அந்தக் கடைசி த்ரோவைத் துணிச்சல் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் அது திட்டமிடலின் பிழை. அதிக ஆபத்துள்ள அம்சத்தை நிகழ்ச்சியின் கடைசியில் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முன்னால் ஏதாவது கெட்டால், கடைசியை எளிதாக்கிக்கொள்ள மனம் வராது. இழந்ததை அங்கே மீட்டுவிடலாம் என்றே தோன்றும். முதல் வீழ்ச்சிக்குப் பிறகு தேவைப்பட்டது சுத்தமான, எளிய த்ரோ ஒன்றுதான். வெள்ளி அங்கே கிடந்தது.

ஒரு மாதம் கழித்து ஜப்பானின் சைத்தாமாவில் ஐந்தாவது உலகப் பட்டத்தோடு ஷோல்கோவி விடைபெற்றார். சாவ்சென்கோவுக்கு அப்போது முப்பது வயது. ஜோடி ஸ்கேட்டிங்கில் பெண்கள் பலரும் அந்த வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

புதிய துணை என்றால் என்ன வேலை

அவர் தேர்ந்தெடுத்தவர் ப்ரூனோ மாஸோ. பிரான்சின் கான் (Caen) நகரத்துக்காரர், ஐந்து வயது இளையவர், ஷோல்கோவியைவிட உயரமும் தோள் அகலமும் கூடியவர். பெரிய பட்டங்கள் எதுவும் அவரிடம் அதுவரை இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தேர்வு புரியவில்லை. ஆனால் ட்விஸ்டும் த்ரோவும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். சாவ்சென்கோ ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம் கொண்டவர், எழும் விசை அபாரம். அவரை உயரமான, பலமான ஒருவர் எறிந்தால் கிடைக்கும் உயரம் வேறு.

பயிற்சிக்கு ஓபர்ஸ்டோர்ஃப் போனார்கள், அவர் ஜூனியர் பட்டம் வென்ற அதே ஊர். பயிற்சியாளர் அலெக்சாண்டர் கோனிக். ஆனால் போட்டியில் இறங்க முடியவில்லை. ஏற்கெனவே ஒரு நாட்டுக்காக ஆடியவர் வேறு நாட்டுக்கு ஆட, பழைய கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். பிரெஞ்சுக் கூட்டமைப்பு 2015 இலையுதிர்காலம் வரை அதைத் தரவில்லை. ஒரு முழு சீசன் பயிற்சியிலேயே கழிந்தது.

கட்டாயத்தால் வந்த அந்த இடைவெளி முழுக்க நஷ்டமும் அல்ல. புதிய ஜோடி முதலில் தூக்குவதில்லை. முதல் வேலை ஒன்றாக ஓடுவது: ஒரே தள்ளல் நீளம், ஒரே முழங்கால் மடிப்பு, ஒரே விளிம்பு ஆழம். உயரமானவரின் ஒரு தள்ளல் குட்டையானவரின் தள்ளலைவிட நீளமாகப் போகும்; ஒருவர் நீட்ட, மற்றவர் சுருக்கப் பழக வேண்டும். அடுத்து, லிஃப்டும் ட்விஸ்டும் தரையில், பிளேடு இல்லாமல். பிடிக்கும் இடம் விரலளவு தவறினாலும் மேலே போனபின் எடை சாயும் என்பதால், கைகள் பார்க்காமலே இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை அதையே செய்கிறார்கள். பனிக்கு வந்தபின் ட்விஸ்ட் ஒரு சுற்றிலிருந்து தொடங்கி இரண்டு, மூன்று என்று ஏறும். த்ரோவும் அப்படியே. தனித்தாவலில் இருவரும் தனித்தனியே தேர்ந்தவர்களாக இருந்தாலும் எழும் தாளம் ஒன்றாவது கடைசியில்தான் கைகூடும். பழைய துணையோடு பதினோரு ஆண்டு ஊறிய தாளம் உடலில் இருக்கும். புதியதைக் கற்பதைவிட அதை மறப்பது சிரமம். மாஸோவின் தனித்தாவல் ஆரம்பம் முதலே நிலையற்றதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. முதல் சீசனிலேயே 2016 ஐரோப்பிய வெள்ளி, பாஸ்டனில் உலக வெண்கலம். 2016 நவம்பரில் பாரிஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ போட்டியில் ட்ரிபிள் ஆக்ஸல் த்ரோவில் சாவ்சென்கோவின் கணுக்காலில் தசைநார் காயம். கிராண்ட் ப்ரீ இறுதிப்போட்டியை விட வேண்டியதாயிற்று. குணமாகி வந்து 2017இல் ஹெல்சிங்கியில் உலக வெள்ளி வாங்கினார். தங்கம் சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சோங் ஜோடிக்கு.

இங்கேதான் முக்கியமான முடிவு வந்தது. ஒலிம்பிக் சீசனுக்கு ட்ரிபிள் ஆக்ஸல் த்ரோவை விட்டுவிட்டார்கள். போட்டி ஜோடிகளில் சிலர் நான்கு சுற்று ட்விஸ்டும் நான்கு சுற்று த்ரோவும் செய்துகொண்டிருந்த காலம் அது. இவர்கள் வைத்துக்கொண்டது ட்ரிபிள் ட்விஸ்ட், ட்ரிபிள் ஃப்ளிப் த்ரோ, ட்ரிபிள் சால்கோ த்ரோ. அடிப்படை மதிப்பில் குறைவு. ஆனால் மாஸோ எறியும் உயரத்தில் ட்ரிபிள் ட்விஸ்டுக்கு நடுவர்கள் +3 தரத் தயங்கவில்லை. நான்காவது சுற்றுக்குச் செலவாகும் உயரத்தை இவர்கள் சுத்தமான பிடிக்கும் அகலமான விரிப்புக்கும் செலவழித்தார்கள். ஃப்ரீ ஸ்கேட்டை வடிவமைத்துத் தந்தவர் கிறிஸ்டோஃபர் டீன், 1984 சராயேவோவில் ஜேன் டோர்வில்லுடன் ஐஸ் டான்ஸ் தங்கம் வென்றவர். நிகழ்ச்சி முழுக்க ஓட்டம் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும்.

அதோடு மாஸோவின் குடியுரிமையும் வந்து சேர வேண்டியிருந்தது. அதற்கு ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். அது முதல் முயற்சியில் கைகூடவில்லை. பயிற்சி நேரம் போக மிச்ச நேரத்தில் மொழிப் பாடம். கடவுச்சீட்டு கிடைத்தது 2017 நவம்பரில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் கூட இல்லாதபோது. அது வராமலிருந்தால் மேலே சொன்ன உழைப்பு எதுவும் பியோங்சாங்கைத் தொட்டிருக்காது.

பியோங்சாங்கின் கணக்கு

2018 பிப்ரவரி 14, காங்னுங் அரங்கம், ஷார்ட் ப்ரோக்ராம். தனித்தாவலான ட்ரிபிள் சால்கோவில் சாவ்சென்கோ மூன்று சுற்று முடித்தார், மாஸோ இரண்டோடு இறங்கிவிட்டார். விதிப்படி டபுள் சால்கோ. அடிப்படை மதிப்பிலேயே 3.1 போயிற்று, ஒற்றுமை கெட்டதால் தர மதிப்பும் விழுந்தது. நிலவரம்: சுய், ஹான் 82.39. ரஷ்யாவின் யெவ்கேனியா தாரசோவா, விளாடிமிர் மோரோசோவ் 81.68. கனடாவின் மேகன் டுஹாமெல், எரிக் ராட்ஃபோர்ட் 76.82. சாவ்சென்கோ, மாஸோ 76.59, நான்காம் இடம். முதலிடத்துக்கு 5.80 புள்ளி பாக்கி. இந்த அளவு இடைவெளியை மீட்க வழக்கமாக மேலே இருப்பவர்கள் விழ வேண்டும்.

இரண்டாம் இடத்திலிருந்த தாரசோவா ஜோடியின் பயிற்சிக் குழுவில் இருந்தவர் ராபின் ஷோல்கோவி. ஓய்வுக்குப் பிறகு மாஸ்கோ போய் நீனா மோசரின் குழுவில் சேர்ந்திருந்தார். இந்த உலகம் அவ்வளவு சிறியது. சாவ்சென்கோவின் பதின்வயதுத் துணை ஸ்டானிஸ்லாவ் மோரோசோவும் அவரைப் பிரிந்தபின் வொலொசோஷருடன் ஜோடி சேர்ந்து, சில காலம் கெம்னிட்ஸிலேயே ஸ்டாயரிடம் பயிற்சி பெற்றார். அதே வொலொசோஷர்தான் பிறகு ட்ரான்கோவுடன் சோச்சி தங்கத்தை எடுத்தார். எதிராளி எப்படி எறிவார், எங்கே தடுமாறுவார் என்பது இங்கே யாருக்கும் ரகசியமில்லை.

மறுநாள் ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசிக் குழுவில் முதலில் இறங்கியது சாவ்சென்கோ ஜோடி. நாலரை நிமிடத்தில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. முதல்நாள் கைவிட்ட ட்ரிபிள் சால்கோ இருவரிடமும் ஒரே தாளத்தில் வந்தது. ட்விஸ்டில் சாவ்சென்கோ மாஸோவின் தலைக்கு மேலே சுற்றி முடித்து, பிடிக்கு முன் ஒரு கணம் நிதானமாக இருந்தது போலத் தெரிந்தது. த்ரோக்களில் இறங்கிய பின்னும் வேகம் குறையாமல் வளைவு நீண்டது. நடுவர்கள் கூட்டலுக்கான புள்ளியைத் தரும் இடம் அதுதான். இறங்கியதும் நின்றுபோகும் த்ரோ எவ்வளவு உயரம் போனாலும் முழு மதிப்பு பெறாது. முடித்ததும் சாவ்சென்கோ பனியில் சரிந்து படுத்துவிட்டார்.

மதிப்பெண் 159.31, அன்றைய உலக சாதனை. மொத்தம் 235.90. மூன்று ஜோடிகள் பாக்கி, அவர்கள் காத்திருந்தார்கள். டுஹாமெல், ராட்ஃபோர்ட் சிறப்பாக ஆடி 230.15க்கு வந்தார்கள். தாரசோவா ஜோடி பிழைகளால் 224.93க்கு இறங்கியது. கடைசியில் சுய், ஹான். நான்கு சுற்று ட்விஸ்டைச் செய்தார்கள், ஆனால் தனித்தாவல்களில் தடுமாற்றம். ஃப்ரீ ஸ்கேட் 153.08, மொத்தம் 235.47. அதாவது 5.80 பாக்கியை அடைக்க வேண்டிய இடத்தில் சாவ்சென்கோ ஜோடி ஃப்ரீ ஸ்கேட்டில் 6.23 கூடுதலாக எடுத்திருந்தது. மிச்சம் 0.43.

0.43 எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு அளவுகோல்: அன்றைய அட்டவணையில் ஒரு ட்ரிபிள் தாவலுக்கு நடுவர்கள் தரும் தர மதிப்பில் ஒரு படி 0.7 புள்ளி. ஒரே ஓர் அம்சத்தில் ஒரு படி குறைந்திருந்தால் வரிசை மாறியிருக்கும். சுய் வென்ஜிங் காலில் எலும்பு அழுத்த முறிவோடு ஆடினார் என்பது பிறகு தெரியவந்தது. ஒலிம்பிக் ஜோடிப் பிரிவில் ஜெர்மனி இதற்குமுன் தங்கம் வென்றது 1952இல், ஆஸ்லோவில், ரியா ஃபால்க், பால் ஃபால்க் தம்பதி மூலம்.

அதிர்ஷ்டம் இதில் எவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. சீன ஜோடி தனித்தாவல்களைச் சுத்தமாகச் செய்திருந்தால் தங்கம் அவர்களுக்குப் போயிருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு ஐந்து வாரத்தில் பதில் கிடைத்தது. 2018 மார்ச்சில் மிலான் உலகச் சாம்பியன்ஷிப்பில் சாவ்சென்கோவும் மாஸோவும் ஷார்ட் ப்ரோக்ராமில் 82.98, ஃப்ரீ ஸ்கேட்டில் 162.86, மொத்தம் 245.84 எடுத்தார்கள். மூன்று சுற்றுக்கு மேல் போகும் ட்விஸ்டோ த்ரோவோ இல்லாமல், அந்தப் புள்ளிமுறையில் ஜோடிப் பிரிவின் மிக உயர்ந்த மொத்தம் அது. சாவ்சென்கோவின் ஆறாவது உலகப் பட்டம், இருவரும் சேர்ந்து ஆடிய கடைசிப் போட்டி.

அந்தச் சாதனையை இனி யாரும் முறியடிக்க முடியாது, காரணம் வேறு. 2018 கோடையில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தர மதிப்பை −5 முதல் +5 வரை விரித்தது, அடிப்படை மதிப்புகளைத் திருத்தியது, ஜோடி ஃப்ரீ ஸ்கேட்டை நாலு நிமிடமாகச் சுருக்கியது. அதற்கு முந்தைய புள்ளிகள் எல்லாம் வரலாற்றுப் பதிவாகத் தனியே மூடப்பட்டன. ஆகவே 2022இல் பெய்ஜிங்கில் சுய், ஹான் தங்கம் வென்ற 239.88ஐ சாவ்சென்கோவின் 245.84க்கு அருகில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. பெய்ஜிங்கில் வெள்ளி வாங்கியவர்கள் தாரசோவாவும் மோரோசோவும், 239.25, அங்கே வித்தியாசம் 0.63. மிலான் மதிப்பெண் தாள்களைப் படிப்பவர்கள் மொத்தத்தை விட்டு, ட்விஸ்டுக்கும் இரண்டு த்ரோவுக்கும் நேரே ஒன்பது நடுவர்களும் போட்ட எண்களின் வரிசையைப் பார்க்கட்டும்.